நாகம்மாவின் வேனுக்குள் யாருடைய இன்ஜின்?

பொன்னேரியில் பழைய வண்டிச் சாமான் கடை ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம் நின்றேன். கடைசி நாளில் கேசரியும் மிக்சரும் வைத்து அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் இரண்டு பெண்களும் அப்போதுதான் ஒரு கேள்வி கேட்டார்கள்.

"அக்கா, இப்பலாம் ஃபோட்டோ புடிச்சா செல்போனே இன்னா கியர் பாக்ஸுனு சொல்லிடுது. நீங்க எப்டிக்கா சொன்னீங்க?"

"தடவிப் பாத்து" என்றேன்.

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். நிஜத்தைத்தான் சொன்னேன். அவர்களுக்குச் சொல்ல அன்று நேரம் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பழவேற்காட்டைத் தாண்டி ஏரிக்கரையில் ஒரு குப்பம். அம்மா ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பவள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் இறங்குவேன். பத்தாவது தேறியதும் நைனா, "தண்ணியில நின்னது போதும், எங்கனா பில்லு எழுதுற வேலைக்குப் போ" என்று பொன்னேரிக்கு அழைத்துவந்தார். கடை முதலாளி சத்தார் பாய். என் மார்க் ஷீட்டை அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை. ஒரு கோணிப்பையை என் முன்னால் தள்ளினார்.

"கைய உட்டுப் பாரும்மா. இன்னா கீது?"

உள்ளே தட்டு மாதிரி ஒன்று இருந்தது. நடுவில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றிப் பல். ஒரு பல்லைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் சுற்றி வந்தேன்.

"இன்னானு தெரியல பாய். பல்லு பத்து கீது. ஒரு பல்லு தேஞ்சிருக்குது."

பாய் பையைக் கவிழ்த்தார். ஒரு கிளட்ச் பிளேட் விழுந்தது. பத்துப் பல். ஒன்று தேய்ந்திருந்தது.

"எங்க கத்துக்கின?"

"ஏரியில பாய். இறாலு கொம்பு எந்தப் பக்கம்னு தெரியாம கைய வச்சா ரத்தம் வந்துடும். இது குத்தல."

மறுநாளே வரச் சொல்லிவிட்டார். பில் எழுதத்தான் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் பில் எழுத வேறு ஆள் வந்துவிட்டார்.

சத்தார் பாய் எந்நேரமும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். கடை முழுக்கக் கிரீஸ். ஒரே ஒரு நாளைத் தவிர அந்தச் சட்டையில் ஒரு பொட்டுக் கறையை நான் பார்த்ததில்லை. யாராவது ஒரு சாமானைக் கொண்டுவந்து, "இதே மாதிரி ஒண்ணு வேணும் பாய்" என்றால் கையில் வாங்கமாட்டார். கவுன்டரில் நியூஸ்பேப்பரை விரித்து அதன்மேல் வைக்கச் சொல்லுவார். பிறகு பெண் பார்க்க வந்தவர் மாதிரி மூன்று பக்கமும் போய்ப் போய்ப் பார்ப்பார். அதற்குள் டீ வந்துவிடும். சாசரில் ஊற்றிக் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

அவர் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. வந்தவரிடம் வண்டியின் பெயரைக் கேட்கவே கூடாது. "பேரு வெளிய எழுதியிருக்குது. நமக்கு உள்ள கீறதுதான் வேணும்" என்பார். அந்த நாளில் எங்கள் பக்கத்து வண்டிகள் அப்படித்தான் இருந்தன. அம்பாசடர் என்று வரும். உள்ளே வேறு ஏதோ டீசல் இன்ஜின் இருக்கும். ஜீப் என்று வரும். கியர் பாக்ஸ் வேனுடையது. பெட்ரோல் கட்டுப்படியாகாமல் ஆளாளுக்கு இன்ஜினைக் கழற்றி வேறு மாட்டிக்கொண்ட காலம் அது. உப்புக்காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது. நம்பர் பொறித்த இடமெல்லாம் அரித்துப்போய் இட்லித் தட்டு மாதிரி இருக்கும்.

அதனால் பாய் மூன்றே கேள்வி கேட்பார். கியர் தடி தரையில் இருக்கிறதா, ஸ்டியரிங்கில் இருக்கிறதா? ரிவர்ஸ் எந்தப் பக்கம் விழும்? முதல் கியர் வண்டி நின்றால்தான் விழுமா, மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போதும் விழுமா? இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் கியர் பாக்ஸ் எந்தக் குடும்பம் என்று பாதி தெரிந்துவிடும். போகும்போது முதல் கியர் போட்டால் பல் கறகறவென்று கத்துகிறது என்றால் அது பழைய பெட்டி. சத்தம் போடாமல் விழுந்தால் பின்னால் வந்த பெட்டி. மீதிப் பாதிக்கு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும்.

பின் அச்சுக்குள் என்ன கிரவுன், அதாவது பின்சக்கரங்களைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரம், இருக்கிறது என்று பிரிக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லித்தந்தார். கியரை நியூட்ரலில் போட்டு, முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்க வேண்டும். தூக்கிய சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, அடியில் ஓடும் நீளத் தண்டில் ஒரு கோடு. சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்ற வேண்டும். தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் கணக்கு. நாலேகாலா, நாலேமுக்காலா, ஐந்துக்கு மேலா என்று தெரிந்துவிடும்.

மெதூரிலிருந்து ஓட்டிவந்த ஒரு வண்டிக்கு முதல்முறை தனியாகச் செய்தபோது நல்லது செய்வதாக நினைத்து இரண்டு சக்கரத்தையும் தூக்கிவிட்டேன். ஒன்றை இந்தப் பக்கம் சுற்றினால் இன்னொன்று எதிர்ப்பக்கம் சுற்றியது. நடுவில் இருந்த தண்டு ஆடவே இல்லை. ஓடிப்போய், "பாய், இந்த வண்டியில கிரவுனே இல்ல" என்றேன்.

பாய் சாசரைக் கீழே வைத்தார். "அப்ப மெதூர்லருந்து எப்டிம்மா வந்துச்சி?"

ஒரு சக்கரம் தரையில் நின்றால்தான் சுற்று தண்டுக்குப் போய்ச்சேரும் என்பது அன்றைக்குப் புரிந்தது. பத்து வருடம் கழித்தும், நான் எதையாவது அடித்துச் சொன்னால் பாய் அமைதியாக, "கிரவுன் கீதா பாத்தியா?" என்று கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டிலிருந்து ஏழுமலை மெக்கானிக் போன் செய்தான். டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்க ஒருவர் பெரிய வெளிநாட்டுக் காரில் வந்தாராம். கல்லறை வாசலில் நிறுத்தினவர் திரும்பிக் கிளம்பப் போனால் வண்டி முனகக்கூட இல்லையாம். ஏழுமலை தன் பங்குக்கு ஒரு கண்டுபிடிப்பும் வைத்திருந்தான்.

"கிளட்ச் மிதி ஒடைஞ்சி எங்கியோ வுழுந்துடுச்சி பாய். ரெண்டு மிதிதான் கீது. நான் பாலம் வரைக்கும் நடந்து பாத்துட்டேன், ரோட்ல கெடைக்கல."

பாய் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கல்லறை வாசலில், கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில், அந்தக் கார் பளபளவென்று நின்றது. மாமனார் வண்டியாம். அன்றைக்குத்தான் முதல்முறை மருமகன் கையில் கொடுத்திருக்கிறார். மருமகன் முகத்தில் ஈயாடவில்லை. மிதியைத் தேடி இன்னும் நாலு பேர் ரோட்டில் குனிந்துகொண்டு போனார்கள்.

பாய் கதவைத் திறந்து, கியர் தடியின் பக்கத்தில் இருந்த எழுத்துகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையில் கைவைத்துப் பார்த்தேன். மிதி இருந்து உடைந்திருந்தால் அதைத் தாங்கும் முளையோ துளையோ இருக்க வேண்டும். தகடு வழவழவென்று இருந்தது.

"இதுக்குக் கிளட்ச் மிதியே கெடையாது பாய்."

"ஆட்டோமேட்டிக்" என்றார் பாய். தடியை ஓடும் இடத்திலிருந்து நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு மருமகனைச் சாவி திருப்பச் சொன்னார். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. தடி ஓடும் இடத்தில் இருந்தால் ஸ்டார்ட்டர் வேலை செய்யாதபடிதான் அந்த வண்டியைச் செய்திருக்கிறார்கள். ஏழுமலை ஒரு வாரம் எங்கள் கடைப்பக்கம் வரவில்லை.

இதெல்லாம் சிரிக்கிற கதை. நாகம்மாக்கா வேன் கதையில் எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

நாகம்மாக்கா எங்கள் குப்பத்துக்கு அடுத்த குப்பம். புருஷன் போனபிறகு ஒரு பழைய வேன் வாங்கி, தம்பி முருகேசனை ஓட்டவைத்து, ஏரிக்கரையில் பெண்கள் பிடிக்கும் நண்டை உயிரோடு சென்னைக்குக் கொண்டுபோனாள். அதற்குமுன் அந்த நண்டையெல்லாம் ஐஸ் கம்பெனி வரதப்பன்தான் எடுப்பார். அவர் சொன்னதுதான் விலை, அவர் வந்ததுதான் நேரம். வேன் ஓட ஆரம்பித்ததும் அவரிடம் போகிற கூடை குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் காலையில் போலீஸ் வேனை மடக்கி ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவிட்டது. தன்னுடைய ஜீப்பிலிருந்து ஒரு மாதத்துக்கு முன் களவு போன இன்ஜின் இந்த வேனுக்குள் இருக்கிறது என்று வரதப்பன் எழுதிக் கொடுத்திருந்தார். ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்றுதான் இருந்தது. டீசல் மாற்றி இரண்டு வருடமாகிறது, புத்தகத்தில் ஏற்றவில்லை என்றார். வேனும் அப்படித்தான், டீசல் மாற்றிய பிறகே நாகம்மாக்கா வாங்கினாள், வாங்கிய காகிதம் வெள்ளத்தில் கரைந்துபோனது. இன்ஜின் நம்பரைத் தேடினால் உப்புத்தான் இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணு, "பழைய வண்டி தெரிஞ்ச ஆளு ஒருத்தர அனுப்புங்க" என்று பாய்க்குச் சொல்லி அனுப்பினார்.

பாய் என்னைப் பார்த்தார். "நாகம்மாவும் நமக்குக் கிராக்கி, ஐஸ்காரரும் நமக்குக் கிராக்கி. நான் போனா யாரு பக்கம் பேசினாலும் பேஜாரு. நீ போய்ட்டு வா."

நான் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. வேனுக்குள் ஒன்பது கூடை நண்டு. ஈரச்சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். நாகம்மாக்கா ஒரு வாளியை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூடைகளில் ஒன்று என் அண்ணி பிடித்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"ஸ்டெல்லா, மூணு மணிக்கு மேல ஒண்ணும் தாங்காது. நண்டு போனாக்கூடப் பரவால்ல. என்னைத் திருடினு எழுதிட்டா நாளைக்கி எவ என் கையில கூடையக் குடுப்பா?" என்றாள்.

வரதப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேட்டி மடிப்புக் கலையவில்லை. "பொம்பளப் புள்ளைய அனுப்பியிருக்காரா பாய்?" என்றார். நான் கோணிப்பையை விரித்து வேனுக்கு அடியில் படுத்தேன்.

இன்ஜினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியை முதலில் தடவினேன். ஜீப்பில் முன் அச்சு இன்ஜினுக்கு அடியில் குறுக்கே போகும். அதற்கு இடம்விட்டுத் தொட்டியின் குழி பின்பக்கம் இருக்க வேண்டும். இதில் குழி முன்பக்கம் இருந்தது.

"சார், இந்தத் தொட்டியோட ஜீப்புல ஏத்தினா அச்சுல இடிக்கும்" என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

"தொட்டி மாத்தியிருப்பானுங்க சார்" என்றார் வரதப்பன்.

இன்ஜினைத் தாங்கும் கால்களைப் பார்த்தேன். வேனுக்கென்றே வார்த்த கால்கள். போல்ட்டைச் சுற்றி இருந்த துரு பல வருடத் துரு. போன மாதம் ஸ்பேனர் பட்ட தடம் எங்கும் இல்லை.

"காலு மாத்தியிருப்பானுங்க. பழைய போல்ட்டாப் பாத்துப் போட்டிருப்பானுங்க."

கியர் பாக்ஸ் இன்ஜினோடு சேரும் கூட்டைத் தடவினேன். ஸ்டியரிங்கில் இருக்கும் கியர் தடியிலிருந்து கம்பிகள் வந்துசேரும் பெட்டி அது. ஜீப்பில் தரையில் தடி. கூட்டின் துளைகளே வேறு.

"அதையும் மாத்தியிருப்பானுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "தொட்டி மாத்திட்டான், காலு மாத்திட்டான், கூடு மாத்திட்டான். அப்ப இதுல உங்களுது இன்னாதான்யா மிச்சம்?"

வரதப்பன் கொஞ்சமும் அசரவில்லை. "சத்தம் என்னுது சார். ரெண்டு வருசம் என் கையால ஓட்டின வண்டி. கண்ண மூடிக்கினு சொல்லுவேன்."

சத்தத்துக்கு எதிராக நான் எதைத் தடவிக் காட்டுவது? மணி ஒன்று ஆகிவிட்டது. நாகம்மாக்கா வாளியை மறுபடி நிரப்பப் போனாள். எனக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது.

"சார், சத்தத்தையே கேட்டுடலாம். முருகேசன் ஸ்டார்ட் பண்ணட்டும். அப்பறம் ஐயாவே ஒக்காந்து ஆக்சிலேட்டர் குடுத்துப் பாக்கட்டும். ஓட்டினவருக்குத்தான காலுக்குத் தெரியும்?"

வரதப்பனுக்கு இது பிடித்திருந்தது. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். முருகேசன் வண்டியைக் கிளப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினான். வரதப்பன் ஏறி உட்கார்ந்து, மிதித்துப் பார்த்துக் கண்ணை மூடினார். "இதேதான் சார். என் வண்டிதான்."

"சரிங்கய்யா. நிறுத்திட்டு எறங்குங்க. நான் அடியில இன்னொரு வாட்டி பாக்கணும்" என்றேன்.

அவர் சாவியைத் திருப்பினார். உருவினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

இன்ஜின் தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

வரதப்பன் வேனைப் பார்த்தார். பையிலிருந்து சாவியை எடுத்துப் பார்த்தார். மறுபடி ஏறி, போட்டுத் திருப்பி, உருவினார். அது தன்பாட்டுக்கு ஓடியது. ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தினார். இன்னும் உற்சாகமாக ஓடியது. ஸ்டேஷனுக்குள் இருந்த இரண்டு கான்ஸ்டபிள்களும் வெளியே வந்துவிட்டார்கள்.

இந்தக் காலத்து வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது விளங்காது. பெட்ரோல் வண்டியில் சாவியைத் திருப்பினால் பிளக்கின் தீப்பொறி நின்றுபோகும், இன்ஜினும் நிற்கும். பழைய டீசலில் பொறியே கிடையாது. சாவி வெறுமனே கிளப்பத்தான். நிறுத்த வேண்டுமானால் டீசலை அடைக்க வேண்டும். அதற்கென்று ஒரு கம்பி, கம்பியின் முனையில் ஒரு குமிழ். அதைப் பிடித்து இழுக்க வேண்டும். அந்த வண்டியைத் தினமும் ஓட்டினவருக்கு நிறுத்தும்போது கை தன்னால் அங்கே போகும்.

சப்-இன்ஸ்பெக்டர் ஓட்டுவதும் டீசல் ஜீப்தான். அவர் மெதுவாக வேன் பக்கத்தில் வந்தார்.

"எத்தினி வருசம் ஓட்டினீங்கனு சொன்னீங்க?"

"ரெண்டு வருசம் சார்."

"ரெண்டு வருசமா வண்டிய நிறுத்தவே இல்லியா?"

வரதப்பன் வேட்டியை இறக்கிவிட்டார். "டிரைவரு நிறுத்துவான் சார்" என்றார். அது அவருக்கே சரியாகப் பட்டிருக்காது. முருகேசன் உள்ளே கைவிட்டு இழுத்தான். இன்ஜின் நின்றது. கூடைக்குள் நண்டுகள் கரகரவென்று பிறாண்டுவது அப்போதுதான் காதில் விழுந்தது.

அரைமணி நேரத்தில் வரதப்பன் "அடையாளம் தெரியாமல் சொல்லிவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது எனக்குக் கேட்கவில்லை. வெளியே வந்தவரின் முகத்தைப் பார்த்தேன், அது போதும். ஒன்பது கூடையில் ஒன்று செத்துப்போனது. எட்டு சென்னைக்குப் போனது. நாகம்மாக்கா வண்டியில் ஏறும்போது என் கையைப் பிடித்தாள். இரண்டு பேர் கையும் கிரீசும் ஏரித்தண்ணீருமாக இருந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு புது டிரைவர் எங்கள் கவுன்டரில் துணியைப் பிரித்து ஒரு கார்புரேட்டரை வைத்தார். வழக்கம்போல வண்டிப் பெயரைக் கேட்கவில்லை. மூன்று கேள்வி கேட்டேன். சரியாகச் சொன்னார். அவராகவே, "ஐஸ் கம்பெனி ஜீப்புங்க. ரொம்ப நாளாக் கொட்டாயில மூடி வச்சிருந்தாங்க. பெட்ரோல் இன்ஜின்தான், இன்னும் யாரும் கழட்டவே இல்ல" என்றார். சரியான சாமானை எடுத்து, நல்ல காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். முதலாளிக்கு என் வணக்கத்தைச் சொல்லச் சொன்னேன்.

அந்தக் கம்ப்யூட்டர் பெண்களிடம் பேச அன்று நேரம் இருந்திருந்தாலும் ஒன்றை மட்டும் சொல்லியிருக்க மாட்டேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பாய்க்கு மட்டும் தெரியும். ஸ்டேஷனிலிருந்து கடைக்குத் திரும்பியதும் முழுக்கதையையும் அவரிடம் சொன்னேன். அவர் பாராட்டவில்லை. சாசரில் டீயை ஊற்றி ஆறவிட்டார்.

"அந்த ஸ்டாப் குமிழு எங்க தொங்குது, அந்த வேன்ல?"

"ஸ்டியரிங்குக்கு எடது பக்கம் பாய்."

"செவப்புக் குமிழு. இவ்ளோ பெருசு. ஒக்காந்தா மூக்குக்கு நேரா இருக்குமே. டீசலே ஓட்டாதவன்கூட இன்னாடா இதுனு இழுத்துப் பாப்பான். ஐஸ்காரரு கண்ணுக்கு எப்டித் தெரியாமப் போச்சி?"

நான் பில் புத்தகத்தை நகர்த்தி வைத்தேன். "என் குடைய அதும் மேல மாட்டியிருந்தேன் பாய். முருகேசன் குடையோட சேத்துத்தான் இழுத்தான்."

பாய் டீயை ஒரு வாய் குடித்தார்.

"இன்னிக்கி மழையா?"

"இல்ல பாய்."

"வெயிலு ஜாஸ்தியா?"

"மேகமாத்தான் இருந்துச்சி பாய்."

பாய் சாசரை வைத்தார். தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்தார். சிரிப்பில் சாசர் கவிழ்ந்து, அடியில் இருந்த டீ அவருடைய வெள்ளைச் சட்டையில் சிந்தியது. அதைத் துடைக்காமலே சாயங்காலம்வரை கடையில் இருந்தார்.